கருந்துளைக்கும் ஒரு பஞ்சாங்கம்

(எங்கள் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வெளியூர் அங்கத்தினர்களும் படிக்கட்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டபடி இங்கே தரப்படுகிறது.)



தலைப்பைப் பார்த்துவிட்டு, "ராகு கேது விஷயமா ஸார்?" என்று செயலாளர் கேட்டார். இல்லை. ஆனாலும் பஞ்சாங்கத்தில் ஆரம்பித்தால்தான் நான் சொல்ல வருவது சுலபமாக விளங்கும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். என் தலைமுறையில் பௌதிகம் படித்த பலரைப் போல வங்கிப் பரீட்சை எழுதி, 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்து, அதில் பெரும்பகுதியைத் தணிக்கைப் பிரிவில் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு பழைய பாடத்தை மறுபடியும் கையில் எடுத்தேன். ஆகவே ஒரு தணிக்கைக்காரனின் கண்ணோட்டத்தில்தான் இன்றைய விஷயத்தைச் சொல்லப் போகிறேன். ஒரு கருந்துளையைச் சுற்றி வரும் பொருள் எவ்வளவு சக்தியை இழக்கிறது, அந்த இழப்பைக் கணக்கிடுவது எப்படி, கணக்கு சரியா என்று சோதிப்பது எப்படி என்பதே அந்த விஷயம்.

நம் வீடுகளில் வருஷப் பிறப்புக்குப் பஞ்சாங்கம் வாங்கும்போது வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டு வாங்குகிறோம். வாக்கியம் என்பது பழைய சூத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு போடும் கணக்கு. திருக்கணிதம் என்பது வானத்தில் கண்ணால் காண்பதோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளும் கணக்கு. த்ருக் என்றால் பார்வை. கேரளத்தில் வடசேரி பரமேஸ்வரர் என்ற கணித மேதை பல பத்தாண்டுகள் கிரகணங்களைத் தாமே பார்த்துக் குறித்து வைத்து, கணக்குக்கும் காட்சிக்கும் வித்தியாசம் இருப்பதைக் கண்டு, 1431-ல் 'த்ருக்கணிதம்' என்ற நூலை எழுதினார். கிரகணம் இன்ன நாழிகைக்கு என்று முன்கூட்டி எழுதி வைத்துவிட்டு, அந்த நாழிகையில் வானத்தைப் பார்ப்பதைவிடக் கடுமையான தணிக்கை வேறு கிடையாது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கே திரும்பி வருவோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எடையுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது ஈர்ப்பு அலைகள் புறப்படும் என்று ஐன்ஸ்டைன் 1916-ல் சொன்னார். அந்த அலைகள் சக்தியை எடுத்துக்கொண்டு போகும். சக்தி குறையக் குறையப் பாதை சுருங்கும். "அப்படியானால் நம் பூமியும் ஒருநாள் சூரியனில் விழுந்துவிடுமா?" என்று இங்கே யாராவது கேட்கலாம். பயப்பட வேண்டாம். பூமி சூரியனைச் சுற்றுவதால் இவ்விதம் வெளியேறும் சக்தி சுமார் 200 வாட். இரண்டு குண்டு பல்புகளுக்கு ஆகும் மின்சாரம். நம் கணக்கில் அது வரவே வராது. கருந்துளைகள் நெருங்கிச் சுற்றும்போதுதான் இந்தச் செலவு பெரிதாகிறது.

வட்டப் பாதையாக இருந்தால் இழப்புக் கணக்கு எளிது. எல்லா நாளும் ஒரே மாதிரி செலவு. பாதை நீள்வட்டமாக இருந்தால் அப்படியில்லை. சுற்றும் பொருள் ஒரு சமயம் நெருங்கி வந்து வேகமாக ஓடும். மற்ற சமயம் தூரத்தில் நிதானமாகப் போகும். நெருங்கி வரும் அந்தச் சில நேரத்தில்தான் அலைகளில் பெரும்பகுதி கிளம்புகிறது. வருஷம் முழுவதும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்துவிட்டு, தீபாவளி வாரத்தில் பணம் மொத்தமாகக் கரைவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கரையும் என்பதை 1963-ல் பீட்டர்ஸ், மேத்யூஸ் என்ற இருவர் ஒரு சூத்திரமாகவே எழுதிக் கொடுத்தார்கள். நீள்வட்டம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணுக்குப் பள்ளிப் புத்தகத்தில் மையத்தொலைத்தகவு என்று பெயர். வட்டத்துக்கு அது 0. மிக நீண்ட பாதைக்கு 1-ஐ நெருங்கும். அந்த எண் 0.5 ஆனால், அதே சுற்றுக்காலம் கொண்ட வட்டப் பாதையைவிட இழப்பு ஏறக்குறைய 5 மடங்கு. 0.9 ஆனால் 1,200 மடங்குக்கும் மேல்!

இந்தச் சூத்திரத்துக்கு முதல் தணிக்கை 1974-க்குப் பிறகு நடந்தது. அந்த வருஷம் அரெசிபோ தொலைநோக்கியில் ஹல்ஸ், டெய்லர் இருவரும் ஒரு ஜோடி நியூட்ரான் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றையொன்று சுற்ற 7 மணி 45 நிமிஷம். மையத்தொலைத்தகவு 0.617. அந்த எண்ணுக்கு மேற்படி சூத்திரம் தரும் பெருக்கம் கிட்டத்தட்ட 12 மடங்கு. அந்த 12-ஐச் சேர்த்தால்தான் கணக்கு பார்வையோடு ஒத்துப்போகிறது. சுற்றுக்காலம் வருஷத்துக்குச் சுமார் 76 மைக்ரோசெகண்ட் குறைகிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடிதான் ஒரு மைக்ரோசெகண்ட். வங்கியில் பைசா வித்தியாசத்துக்காக இரவு பத்து மணி வரை லெட்ஜரைப் புரட்டியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதன் அருமை தெரியும். 1993-ல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நியூட்ரான் நட்சத்திர ஜோடிக்கு இந்த அளவு கணக்கு போதும். சுழலும் கருந்துளைக்கு அருகே போனால் போதாது.

சுழலும் கருந்துளைக்கான கணிதத்தை 1963-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த ராய் கெர் கண்டுபிடித்தார். அந்தக் கருந்துளை தன்னைச் சுற்றியுள்ள வெளியையே தன்னோடு இழுத்துச் சுழற்றுகிறது. மாவு அரைக்கும் கிரைண்டரில் கல் சுழலும்போது மாவும் கூடவே சுழல்கிறதல்லவா? ஏறக்குறைய அதுபோல. இதனால் இரண்டு விளைவுகள். சுழலும் திசையிலேயே சுற்றும் பொருள் இன்னும் நெருக்கமாகப் போய், விழாமல் சுற்ற முடியும். சுழலாத கருந்துளையை வட்டமாகச் சுற்றிச் சுற்றி நெருங்கும் ஒரு சிறு பொருள், உள்ளே விழுவதற்கு முன் தன் எடைக்கு ஈடான சக்தியில் சுமார் 6 சதவீதத்தை அலைகளாக விட்டுவிடும். உச்ச வேகத்தில் சுழலும் கருந்துளையானால், அதே திசையில் சுற்றும் பொருளுக்கு இது 42 சதவீதம் வரை போகலாம். எதிர்த்திசையில் சுற்றினால் 4 சதவீதத்தோடு சரி. இது முதல் விளைவு.

இரண்டாவது விளைவுதான் கணக்குப் போடுபவரைத் திணற வைப்பது. பாதை நீள்வட்டமாகவும், கருந்துளையின் சுழற்சித் தளத்துக்குச் சாய்வாகவும் இருந்தால், ஒரு லெட்ஜர் போதாது, மூன்று லெட்ஜர்கள் வேண்டும். ஒன்று சக்தி. இரண்டாவது கோண உந்தம், அதாவது சுற்றுவதில் இருக்கும் முனைப்பு. மூன்றாவதாக ஒரு எண் உண்டு என்று 1968-ல் பிராண்டன் கார்ட்டர் கண்டுபிடித்தார். பாதையின் சாய்வோடு சம்பந்தப்பட்ட அந்த எண்ணுக்குக் கார்ட்டர் மாறிலி என்று பெயர். இந்த மூன்றும் தெரிந்தால் பாதை தெரியும். அலைகள் வெளியேறும்போது மூன்றுமே குறைகின்றன அல்லது மாறுகின்றன.

முதல் இரண்டுக்கும் தணிக்கை செய்வது சாத்தியம். தூரத்தில் நின்று, வெளியே போகும் அலைகள் எவ்வளவு சக்தியும் கோண உந்தமும் கொண்டு போகின்றன என்று எண்ணலாம். கருந்துளைக்குள் போவதையும் எண்ண வேண்டும். அதில் ஒரு வேடிக்கை: சில சமயம் கருந்துளை தன் சுழற்சியிலிருந்து கொஞ்சம் சக்தியை எடுத்துப் பாதைக்கே திருப்பித் தரும்! டியூகோல்ஸ்கி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் தந்த சமன்பாட்டைக் கொண்டு இதையெல்லாம் கணக்கிடலாம். ஆனால் மூன்றாவது லெட்ஜர் அப்படிச் சரிபார்க்கக் கூடியதல்ல. அனுப்பியவர் புத்தகத்தில் பற்று எழுதியிருக்கிறது. வாங்கியவர் புத்தகத்தில் வரவைக் காணோம் என்கிற மாதிரி நிலைமை. தூரத்து அலைகளை மட்டும் எண்ணி, கார்ட்டர் மாறிலி எவ்வளவு குறைந்தது என்று நேராகச் சொல்ல முடியாது. 2003-ல் ஜப்பானியரான மினோ இதற்கு ஒரு வழி காட்டினார். அடுத்த சில வருஷங்களில் அவர் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கையாளக்கூடிய சூத்திரமாக்கினார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. நியூட்டனின் கணக்கை முதல் வரியாக வைத்து, ஐன்ஸ்டைனின் திருத்தங்களை அடுத்தடுத்த வரிகளாகச் சேர்த்துக்கொண்டே போவது. ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடச் சிறியது. ஆனால் கணக்கிட முந்தையதைவிட எத்தனையோ மடங்கு கடினம். இதில் நம் நாட்டவர்களின் பங்கு பெரிது. பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பாலா ஐயர், பிரெஞ்சு நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1990-களிலேயே இந்தத் திருத்த வரிகளைக் கணக்கிட்டவர். 1997-ல் கோபகுமாரும் அவரும் நீள்வட்டப் பாதைக்கான இழப்பை இரண்டாம் திருத்தம் வரை கொண்டு வந்தார்கள். இன்று சென்னைக் கணிதக் கழகத்தில் இருக்கும் அருண், பாலா ஐயர் ஆகியோர் அடங்கிய குழு 2008-ல் சக்தி இழப்பை மூன்றாம் திருத்தம் வரை முழுமையாக வெளியிட்டது. இந்த மூன்றாம் திருத்தத்தில் 'வால்' என்று ஒரு பகுதி உண்டு. கிளம்பிய அலை, கருந்துளையைச் சுற்றி வளைந்திருக்கும் வெளியில் பட்டுச் சிதறி, தாமதமாக வந்து சேர்வதுதான் வால். கோயில் மணியை அடித்த பிறகும் கார்வை நிற்கிறதே, அந்த மாதிரி. நீள்வட்டத்துக்கு அந்தக் கார்வையையும் எண்ணிச் சேர்க்க வேண்டும்.

சரி, இத்தனை லெட்ஜரும் எதற்கு? ஒரு தேதி சொல்வதற்கு. அந்தத் தேதியின் கதையைக் கேளுங்கள்.

கடக ராசிப் பக்கத்தில், சுமார் 350 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பால், ஓஜே 287 என்று ஒரு பால்வெளி மண்டலம் இருக்கிறது. பழைய வான்புகைப்படத் தகடுகளை எடுத்துப் பார்த்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஏறக்குறைய 12 வருஷத்துக்கு ஒருமுறை அது திடீரென்று பிரகாசமாவது தெரிந்தது. கும்பகோணத்து மகாமகம் மாதிரி! 1988-ல் பின்லாந்து நாட்டு வானியலார் அங்கே இரண்டு கருந்துளைகள் இருக்கலாம் என்று சொல்லி, அடுத்த வெளிச்சம் 1994-ல் வரும் என்றார்கள். வந்தது.

அவர்களில் ஒருவரான வால்டோனன் பிறகு மாதிரியைச் செப்பனிட்டார். அதன்படி, பெரிய கருந்துளை 1,800 கோடி சூரியன்களின் எடை. சிறியது 15 கோடி சூரியன்களின் எடை. சிறியது, மையத்தொலைத்தகவு சுமார் 0.65 உள்ள நீள்வட்டத்தில் சுற்றுகிறது. பெரியதைச் சுற்றி ஒரு வாயுத் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சிறியது அந்தத் தட்டைத் துளைத்துக்கொண்டு போகிறது. துளைக்கும்போதெல்லாம் வெளிச்சம். நீள்வட்டமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை, அதுவே திரும்புகிறது. புதனின் பாதை ஐன்ஸ்டைன் விளைவால் ஒரு நூற்றாண்டில் 43 விகலை திரும்புகிறது என்று படித்திருப்பீர்கள். இந்தப் பாதை ஒரே சுற்றில் சுமார் 39 பாகை திரும்புகிறது! அதனால் வெளிச்சங்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நாள் குறிக்க வேண்டும்.

2007-ல் நாள் குறித்தார்கள்: செப்டம்பர் 13. ஒரு நாளுக்குள் சரியாக வெளிச்சம் வந்தது. ஈர்ப்பு அலைகளால் சக்தி போகவில்லை என்று வைத்துக் கணக்கிட்டால் அது இருபது நாள் கழித்து வந்திருக்க வேண்டும். அலையைப் பிடிக்காமலே, அலை கொண்டுபோன சக்தியைத் தேதியில் பார்த்துவிட்டார்கள். அடுத்தது 2015 டிசம்பர். அந்த வெளிச்சம் வந்த நேரத்திலிருந்து பெரிய கருந்துளையின் சுழற்சி, இருக்கக்கூடிய உச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று கணித்தார்கள். மும்பை கொலாபாவில் உள்ள டாடா ஆராய்ச்சி நிலையத்தில் லங்கேஸ்வர் டே, கோபகுமார் ஆகியோர் வால்டோனனோடு சேர்ந்து, நான் சொன்ன 'கார்வை' வரிகளையும் சேர்த்து 2018-ல் கணக்கைத் திருத்தினார்கள். சுழற்சி 38 சதவீதம் என்று மாறியது. அடுத்த வெளிச்சம் 2019 ஜூலை 31 என்று வந்தது.

அந்த நாளில் ஒரு சங்கடம். பூமியிலிருந்து பார்த்தால் ஓஜே 287 சூரியனுக்கு அருகே மறைந்திருந்தது. நம் பெரியவர்கள் அஸ்தங்கதம் என்று சொல்வார்களே, அதேதான். அதிர்ஷ்டவசமாக ஸ்பிட்சர் என்ற விண் தொலைநோக்கி பூமியிலிருந்து 25 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் வேறு கோணத்தில் இருந்தது. அதன் பார்வைக்கு வந்த முதல் நாளே ஜூலை 31. வெளிச்சம் தெரிந்தது. கணித்த நேரத்துக்கும் அதற்கும் நான்கு மணிக்குள்தான் வித்தியாசம். அடுத்த ஜனவரியில் ஸ்பிட்சருக்கே ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடிந்துவிடும். ஆனால் தணிக்கைக்காரன் அடுத்த வருஷப் புத்தகத்தையும் பார்க்க வேண்டும். மாதிரியின்படி 2022 அக்டோபரில் ஒரு பெரிய வெளிச்சம் எதிர்பார்க்கப்பட்டது. கொமோசா என்ற அம்மையார் தலைமையில் பல வருஷமாக ஓஜே 287-ஐக் கண்காணித்து வரும் குழு, அப்படி ஒன்றும் வரவில்லை என்று 2023-ல் எழுதியது. பெரிய கருந்துளையின் எடையே 1,800 கோடி அல்ல, 10 கோடி சூரியன்தான் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். வால்டோனன் குழுவோ, திருத்திய கணக்கில் அந்த வெளிச்சம் 2022 ஜூலை, ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும், அப்போது சூரியன் மறைத்திருந்தது, வேறு அடையாளங்கள் கிடைத்துள்ளன என்கிறது. இது சில்லறை வித்தியாசம் இல்லை. எடையில் நூறு மடங்குக்கு மேல் தகராறு. ஒரு சாரார் சொல்வது சரியென்றால் 2007, 2019 தேதிகள் பொருந்தியதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மறு சாரார் சொல்வது சரியென்றால் பார்க்க முடியாத ஒரு வெளிச்சத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டு, "விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லை" என்று கையை உதறிவிட வேண்டாம். சரியான முறையில் நடக்கும் தணிக்கை இப்படித்தான் இருக்கும். ஒருவர் தேதியை முன்கூட்டி அச்சில் போட்டார். மற்றவர் அந்தத் தேதியில் வானத்தைப் பார்த்து ஆட்சேபணை எழுதினார். இரண்டும் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. வயது, பதவி, முந்தைய வெற்றி எதுவும் இதில் செல்லாது. பரமேஸ்வரர் செய்ததும் இதுவே.

தீர்ப்பு எங்கிருந்து வரும்? இத்தனை பெரிய ஜோடிகள் வெளியிடும் மிக மெதுவான அலைகளைப் பல்சார் நட்சத்திரங்களின் துடிப்பைக் கொண்டு கண்காணிக்கிறார்கள். 2023 ஜூனில் அப்படிப்பட்ட அலைகளின் ஒட்டுமொத்த முணுமுணுப்புக்குச் சான்று கிடைத்ததாகப் பல நாட்டுக் குழுக்கள் அறிவித்தன. புனே அருகே கோடத் கிராமத்தில் உள்ள மாபெரும் வானொலித் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் நம் நாட்டுக் குழுவும் அதில் ஒன்று. சிறு கருந்துளை ஒன்று பெருங்கருந்துளையைச் சுற்றுவதைக் கேட்பதற்கு லிசா என்ற மூன்று விண்கலங்கள் வரவிருக்கின்றன. ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. 2035-ல் ஏவத் திட்டம். அதற்குக் கேட்கும் சமிக்ஞையில் பல்லாயிரம் சுற்றுகள், சில சமயம் லட்சம் சுற்றுகள் இருக்கும். அத்தனை சுற்றிலும் கணக்கு ஒரு சுற்றின் சிறு பங்குகூடப் பிசகக் கூடாது. பிசகினால் இரைச்சலுக்கு நடுவே சமிக்ஞையை அடையாளம் காணவே முடியாது. மூன்று லெட்ஜர்களையும் இப்போதே எழுதி முடித்தாக வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம்.

நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைப்பதற்கு 2023 ஏப்ரலில் மத்திய அரசு சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்குக் கருவி செய்பவர்களும் வேண்டும், காகிதத்தில் கணக்குப் போடுபவர்களும் வேண்டும்.

பல ஊர்களில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். என் காலத்தில் பௌதிகம் படித்துவிட்டு வங்கிக்குப் போனதற்குக் குடும்ப நிலைமை காரணமாக இருந்தது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இன்று நம்மில் பலருக்கு அந்த நெருக்கடி கிடையாது. வீட்டில் ஒரு பெண்ணோ பிள்ளையோ "கணிதம் படிக்கிறேன், பௌதிகம் படிக்கிறேன்" என்று சொன்னால், "என்ன பேக்கேஜ் கிடைக்கும்?" என்று முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். ஆராய்ச்சியில் வருமானம் தாமதமாகத்தான் வரும், அதை மறைக்க வேண்டியதில்லை. குழந்தையையும் வைத்துக்கொண்டு அதைப் பேசுங்கள். பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான தினத்தையொட்டிப் புனே ஐயூக்கா போன்ற நிலையங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன. ஒருமுறை அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே கரும்பலகையில் யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் விளக்கிச் சொல்வார்கள்.

2035-ல் லிசா மேலே போகும்போது இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் குழந்தைக்கு ஆராய்ச்சி செய்யும் வயது வந்திருக்கும். ஓஜே 287 பற்றிய வழக்கில் அந்தக் குழந்தை எந்தப் பக்கம் ஆட்சேபணை எழுதினாலும் நமக்குச் சந்தோஷமே.